இலங்கைச் சம்பளத்தை இந்திய ரூபாயில் எண்ணுவதற்கு முன்

தம்பி, திருகோணமலைப் பக்கம் சீனக்குடாவில் வேலை, சம்பளம் இலங்கை ரூபாயில், ஊரில் வீட்டுக் கடன் தவணை இந்திய ரூபாயில் என்று எழுதியிருந்தீர்கள். இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றரை அளவில் இருக்கிறதே, முன்பு எப்படி இருந்தது, இந்தக் கணக்கை நம்பி வரலாமா என்பது உங்கள் கேள்வி. உப்புவெளியில் வீடு பார்க்கப் போனபோது ஒரு பெரியவர் "ஒரு காலத்தில எங்கட காசுதான் பெரிசு" என்று சொன்னாராம், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து திருகோணமலையில் குடும்பமாகிவிட்டவன். அப்பா அம்மாவுக்கு இங்கிருந்துதான் பணம் போகிறது. எனவே இது என் வீட்டுக் கணக்கும்தான்.

பெரியவர் சொன்னது உண்மை. 1872 முதல் இந்திய வெள்ளி ரூபாய்தான் இலங்கைக்கும் சட்டப்படியான நாணயம். இங்கே அதை 100 சதமாகப் பிரித்தார்கள். இந்தியாவில் 1957 வரை 16 அணா. 1950-இல் இலங்கைக்குத் தனி மத்திய வங்கி வந்த பிறகும் இந்திய ரூபாய், இலங்கை ரூபாய் இரண்டுமே டாலருக்கு 4.76 என்றே இருந்தன. 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை 7.50-க்கு இறக்கியது. ஒரே நாளில் இலங்கை ரூபாய் ஒன்றுக்கு இந்திய ரூபாய் ஒன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் பவுண்டு விழுந்ததும் இலங்கையும் 5.95-க்கு இறங்கியது. அப்போதும் இலங்கை ரூபாய்க்கு இந்தியக் காசு 1.26 வரவேண்டும்.

வரவேண்டும் என்றுதான் சொல்ல முடியும். 1968 மே மாதம் இலங்கை அரசு அந்நியச் செலாவணிக்கு உரிமைச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. அரிசி, மாவு போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்குப் பழைய வீதம். மற்றப் பெரும்பாலான தேவைகளுக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு முதலில் 44 சதவீதம் கூடுதல் விலை, பிறகு அதுவும் ஏறியது. 5.95-உடன் 44 சதவீதத்தைக் கூட்டினால் டாலர் எட்டரையைத் தாண்டுகிறது. இந்தியாவில் அப்போது ஏழரை. சான்றிதழ் வாங்கிக் காசு மாற்றியவருக்கு இலங்கை ரூபாய் இந்திய ரூபாயைவிட அன்றைக்கே சிறியது. பழைய வீதப் பட்டியல்களில் பெரும்பாலும் 5.95 மட்டுமே இருக்கும். பழைய வீதம் எதைப் பார்த்தாலும் அது யாருக்குக் கிடைத்த வீதம் என்று முதலில் கேளுங்கள்.

1977 நவம்பரில் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு இரண்டு வீதங்களையும் ஒன்றாக்கியபோது டாலர் 16 ரூபாய்க்கு வந்தது. இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் ஏறக்குறைய இரண்டு என்ற கணக்கு அங்கே தொடங்குகிறது.

அதன்பிறகு ஒரே பக்கமாக ஏறியது என்று நினைக்காதீர்கள். 1991 ஜூலையில் இந்தியா மறுபடி ரூபாயை இறக்கியபோது அந்த இரண்டு, 1.6 அளவுக்கு வந்தது. 2013 ஆகஸ்டில் இந்திய ரூபாய் டாலருக்கு 68-ஐத் தொட்டபோதும் இரண்டரைக்குக் கிட்டப் போயிருந்தது இரண்டுக்கு இறங்கியது. இந்த இரண்டு காசுக்கும் நடுவில் டாலர்தான் நிற்கிறது. எந்தப் பக்கம் ஆட்டம் கண்டாலும் உங்கள் தவணைக் கணக்கு மாறும்.

இனி 2022 நெருக்கடிக்கு வருகிறேன். உங்களுக்கு மிக வேண்டியது இதுதான். 2021 செப்டம்பர் முதல் இலங்கை மத்திய வங்கியில் டாலரை 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்தார்கள். வங்கிக்கு வெளியே, சட்டவிரோதமாகப் பணம் கைமாற்றும் உண்டியல்காரர்கள் அதற்கு மேல் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வங்கிக்கு வரவேண்டிய காசு அந்த வழியில் திரும்பியது. 2022 மார்ச் 7-இல் பிடியைத் தளர்த்தினார்கள், மே மாதம் டாலர் 360. இலங்கை ரூபாயில் ஒரு லட்சம் சம்பளம் வாங்கியவருக்கு 2021-இல் அது இந்திய ரூபாய் 37,000 பெறும். 2022 மே மாதம் இருபத்தோராயிரத்துச் சொச்சம். வேலை அதே வேலை. ஊரில் தவணை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. அந்தச் சமயம் ஊரிலிருந்து சிலர், "நம்ம ரூபாய்க்கு நாலரை கிடைக்குதாமே, அங்கே வாழ்வது சுலபம்தானே" என்று கேட்டார்கள். செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. கையில் நாலரை இருந்தும் கடையில் அது நாலரையாகச் செலவாகவில்லை.

மூன்றரை என்ற இன்றைய வீதத்தைக் கல்லில் எழுதியதாக வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளத்தில் ஒரு பகுதியையாவது டாலரிலோ இந்திய ரூபாயிலோ நிர்ணயிக்க முடியுமா என்று நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கேட்பார் இல்லை. முடியாது என்றால் ஒரு இந்திய ரூபாய்க்கு ஐந்து இலங்கை ரூபாய் என்று வைத்துத் தவணையைக் கணக்குப் பாருங்கள். அந்த நிலையிலும் கட்ட முடிகிறதா? முடிந்தால் தைரியமாக வாருங்கள். இங்கிருந்து சம்பளத்தை அனுப்ப வங்கி என்னென்ன ஆவணம் கேட்கும் என்பதை முதல் மாதமே போய் விசாரியுங்கள். சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கி எறிய வேண்டாம். அவசரம் என்று உண்டியல் பக்கம் போகவே கூடாது. சட்டவிரோதம், காசு போனால் முறையிட இடமில்லை.

வந்த புதிதில் சின்னச் செலவுகளுக்கு உங்கள் இந்தியக் கணக்கையே பயன்படுத்தலாம். 2024 பிப்ரவரியிலிருந்து யூபிஐ இலங்கையில் நடக்கிறது, கியூஆர் அட்டை வைத்த கடைகளில் கேட்டுப் பாருங்கள். சந்தைக்குப் போகும்போது மட்டும் கையில் காசு வேண்டும்.

தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை வருடம் என்று எழுதுங்கள் தம்பி. ஐந்து ரூபாய்க் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.