ஏழு தகர வட்டுகள்

அன்புள்ள ஐயா,

கூலிக் கப்பல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். என் அப்பாருவின் (அப்பாவைப் பெற்றவர்) தகப்பனார், தாது வருஷப் பஞ்சத்தில், கைக்குழந்தையாக இருந்த அப்பாருவையும் மனைவியையும் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனவர். திரும்பவே இல்லை. எங்கே போனார் என்பதில் வீட்டில் மூன்று கட்சி. அப்பா தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டால் என்கிறார். பெரியப்பா மோரீஸ் (மொரீஷியஸ்) என்கிறார். அத்தை மட்டும் கண்டி என்கிறார். ஆனால் அத்தைக்கு வயது எண்பத்தாறு, பேச்சு முன்பின்னாக வரும்.

இரண்டு வருடமாக நேட்டால் கப்பல் பட்டியல்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் பெயரில் சேலம் ஜில்லாவிலிருந்து போன பதினொரு பேரை எடுத்து வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் தகப்பன் பெயர் பொருந்தவில்லை. அப்பாரு 1912இல் பிறந்தவர் என்று அவருடைய பள்ளிச் சான்றிதழ் சொல்கிறது. வேறு காகிதம் எதுவும் வீட்டில் இல்லை. பழைய டிரங்குப் பெட்டியில் ஒரே கயிற்றில் கோத்த ஏழு தகர வட்டுகள் கிடந்தன. மேலே உள்ள எண் ஏழிலும் ஒன்றே. கீழே உள்ள எண் 41 முதல் 47 வரை. கன்றுக்குட்டிகளுக்குக் கட்டியதாக இருக்கும் என்று அப்பா சொன்னார். இன்னொன்று. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனதாக அத்தை அடிக்கடி சொல்வார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

அடுத்து நான் எங்கே தேடுவது?

(பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீக்கிவிட்டேன்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது எனக்கும் நேட்டால்தான் மனதில் ஓடியது. இரண்டாம் முறை ஒரு கணக்கு உறுத்தியது. தாது வருஷம் என்பது 1876-77. உங்கள் அப்பாரு பிறந்தது 1912. பிறப்பதற்கு முப்பத்தைந்து வருடம் முன்பே கைக்குழந்தையாக இருக்க யாராலும் முடியாது.

வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. நம் பக்கத்தில் யார் எப்போது ஊரை விட்டுப் போயிருந்தாலும் அதைத் தாது வருஷத்தின் தலையில் கட்டிவிடுவார்கள். நானே நாலைந்து குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். பஞ்சம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் விசாரிக்க மாட்டார்கள். கடன், பங்காளிச் சண்டை, போலீஸ், வேறொரு பெண், இவற்றில் எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும். பஞ்சத்துக்கு அடுத்த கேள்வி கிடையாது.

பள்ளிச் சான்றிதழையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்தியதும் வாத்தியார் பார்த்து ஒரு தேதி போடுவார். அந்தக் காலத்து ஆட்கள் பலருக்குப் பிறந்தநாள் பள்ளி திறக்கும் சமயத்திலேயே விழுவதற்கு அதுதான் காரணம். ஆகவே 1912 என்பதை நாலைந்து வருடம் இப்படியும் அப்படியும் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு தள்ளினாலும் தாது வருஷத்தைத் தொட முடியாது.

சான்றிதழில் உள்ள வருடம் ஓரளவு சரி என்றே வைத்துக்கொள்வோம். 1912இலோ 1913இலோ ஒருவர் திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டால் அவருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது? நேட்டால் கதவு 1911 ஜூலையில் மூடிவிட்டது. இந்திய அரசாங்கமே நிறுத்தியது. மோரீஸுக்கு ஆள் எடுப்பது அதற்குச் சற்று முன்பே ஓய்ந்துபோயிற்று. (பவானிக் கரையில் அந்தத் தீவின் பெயர் இன்று வாழைத்தாரில்தான் இருக்கிறது. பெரியப்பா வாழை போடுகிறவராக இருந்தால் மன்னித்துவிடலாம்.) மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1910இல் நின்றது, கங்காணி (ஊரில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர்) வழியாகப் போவது நடந்துகொண்டிருந்தது. பீஜிக்கு 1916 வரை கப்பல் போனது. இலங்கைக்கு எப்போதும் வழி இருந்தது. உங்கள் அத்தையின் பேச்சு முன்பின்னாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேரில் அவர் சொல்வதுதான் வருடக் கணக்குக்கு ஒத்து வருகிறது.

நீங்கள் நேட்டால் பட்டியலில் இரண்டு வருடம் மூழ்கிப்போனது எனக்கு நன்றாகவே புரிகிறது. 1860இலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. உள்ளூர்க் கணக்கில் எங்குமே பதிவாகாத ஒரு பண்ணையாளின் இடது முழங்காலில் வடு இருந்தது என்று நூறு வருடம் கழித்து நாம் படிக்கிறோம். அந்த மயக்கத்திலிருந்து மீள்வது கஷ்டம்.

நானும் அதில் விழுந்தவன். என் அம்முச்சியின் (அம்மாவைப் பெற்றவள்) சிற்றப்பா ஒருவர் இப்படித்தான் காணாமல் போனார். பெயர், தாலுகா, ஏறக்குறைய வயது எல்லாம் பொருந்திய ஒருவரைப் பட்டியலில் கண்டுபிடித்து, ஒரு வருடம் அவரைச் சொந்தக்காரராகவே பாவித்து வந்தேன். அவர் வேலை செய்த கரும்புத் தோட்டத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். உறவினர் கல்யாணம் ஒன்றில் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "அவருக்கு ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடியே கரும்பாலையில் ரெண்டு விரல் போச்சே, அதை எழுதியிருக்கிறானா?" என்று கேட்டார். எழுதவில்லை. மார்பில் மச்சம் என்று மட்டும் இருந்தது. உயரத்தை அங்குலம்வரை அளந்த குமாஸ்தா கையில் இரண்டு விரல் இல்லாததைக் கவனிக்காமல் விட்டிருப்பாரா? நான் கொண்டாடிய மனிதர் வேறு யாருடைய சிற்றப்பாவோ.

அதனால் உங்கள் பதினொரு பேரையும் கைவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. நம் பக்கத்தில் ஒரு பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. செங்கோடன், நல்லான், மாரப்பன், அங்கமுத்து என்று ஒரே பெயர் தெருவுக்கு நாலு இருக்கும். அதைத் தெலுங்கோ இங்கிலீஷோ மட்டும் தெரிந்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதுவார். இடையில் இன்னொரு விஷயம், மற்ற வாசகர்களுக்காக. கரூர்க்காரர்கள் 1910க்கு முன்னால் போனவரைத் தேடினால் கோயமுத்தூர் ஜில்லாவில் தேட வேண்டும். அதன்பிறகுதான் திருச்சி ஜில்லா. இப்போதைய மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு ஆளே இல்லை என்று எனக்கு எழுதுகிறவர்கள் அதிகம்.

இனி தகர வட்டுகள். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த வரியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

கன்றுக்குட்டிக்கு யாரும் எண் போடுவதில்லை, நம் ஊரில் கன்றுக்குப் பெயர்தான். 1900களின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டக்காரர்கள் தகர டிக்கெட் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். வட்டமான தகரத்தில் தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் அடித்திருக்கும். கழுத்தில் கயிற்றில் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியது. ரயில் கட்டணம், வழிச்சோறு, முகாம் செலவு எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் அலுவலகம் திறந்தபிறகு இது நன்றாக ஓடியது. உங்கள் ஊர்க்காரர் சங்ககிரியில் ரயிலேறி, ஈரோட்டில் மாறி, திருச்சி போய், தெற்கே இறங்கியிருப்பார். 1914க்கு முன் என்றால் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாம். தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வந்தபிறகு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாம்.

நேட்டாலுக்கும் பீஜிக்கும் போனவர்களுக்கும் டிப்போவில் (கப்பலேறும்முன் தங்கவைத்த முகாமில்) தகர வில்லை கட்டியதுண்டு. ஆனால் அங்கேயும் ஆளுக்கு ஒன்றுதான். உங்கள் பெட்டியில் ஏழு இருக்கின்றன. ஒரே தோட்ட எண், வரிசையாக 41 முதல் 47 வரை, ஒரே கயிறு. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தவனின் டிக்கெட் தோட்டத்தில் இருக்கும், ஊர்ப் பெட்டியில் இருக்காது. யாரிடமும் கொடுக்கப்படாத ஏழு டிக்கெட்டுகள் ஒரு வீட்டில் கிடக்கின்றன என்றால், கொடுக்க வேண்டியவர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்.

உங்கள் அப்பாருவின் தகப்பனார் கூலியாகப் போனவர் இல்லை என்று நினைக்கிறேன். அவர் கங்காணி. குறைந்தபட்சம் ஒரு பெரிய கங்காணிக்குக் கீழே ஆள் சேர்த்தவர்.

இது என் ஊகம். ஆனால் மற்றவை இதனோடு சேர்ந்துகொள்கின்றன. கங்காணி தோட்டத்துத் துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருவார். நல்ல வேட்டி, குடை, சிலருக்குக் காதில் கடுக்கன். பழைய கடனை அடைத்துவிட்டு வா என்று சனங்களுக்குப் பணம் கொடுப்பார். அந்தப் பணம் தோட்டத்துக்குப் போனதும் அவர்கள் பேரில் கடனாக ஏறும். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அது இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். தன் ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தனியாகக் காசு உண்டு. அப்படி அழைத்துக்கொண்டு போனவர்களில் சிலர் காலராவில் போயிருப்பார்கள், சிலர் கடனில் சிக்கித் திரும்பாமல் இருந்திருப்பார்கள். அவர்களைப் பெற்றவர்கள் துரையின் பங்களாவுக்குப் போய்க் கேட்க முடியாது. கங்காணியின் வீடு பக்கத்து ஊரில்தானே இருக்கிறது.

வாசலில் மண்ணை வாரித் தூற்றிய பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. வருமானத்துக்காக வந்துபோய்க்கொண்டிருந்த மனிதர் ஒரு கட்டத்தில் வராமலே இருந்துவிட்டதற்கும், மிச்ச டிக்கெட்டைக் கொடுக்காமல் பெட்டியில் போட்டுவிட்டுப் போனதற்கும், உங்கள் வீட்டில் அவர் பெயரைப் பஞ்சத்தோடு முடித்துவைத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே இனிமேல் தேட வேண்டிய இடம் கடலுக்கு அப்பால் இல்லை. இலங்கைக்குக் கங்காணியோடு போனவர்களுக்கு நேட்டால் போலத் தழும்புவரை எழுதிய பட்டியல் கிடையாது. முதலில் உங்கள் ஊருக்கான சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். கங்காணிகள் ஊரில் நிலம் வாங்கினார்கள், அடமானம் பிடித்தார்கள், அடமானம் வைத்தார்கள். 1908 பதிவுச் சட்டப்படி எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், தொழில், இருப்பிடம் போட்டாக வேண்டும். "கண்டி ஜில்லா இன்ன தோட்டத்தில் இருக்கும்" என்று ஒரு பத்திரம் அகப்பட்டால் போதும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் அவ்வளவு பின்னால் போகாது. ஒன்றாம் புத்தகத்தின் (நிலம், வீட்டுப் பத்திரங்களைப் பதியும் புத்தகம்) பெயர் அட்டவணையைக் கையால் தேடித் தரச் சொல்லி மனு போடுங்கள். 1905இலிருந்து 1925 வரை கேளுங்கள். புத்தகமே இல்லை என்று முதலில் சொல்வார்கள். எனக்கும் ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் சொன்னார்கள், மூன்றாம் நாள் அதே அலமாரியில் அதே புத்தகம் இருந்தது. பத்திரம் கிடைத்தால் செக்குபந்தியை, அதாவது நிலத்தின் எல்லை விவரத்தை, விடாமல் படியுங்கள். நான்கு எல்லையில் இருக்கும் நான்கு பெயர்களும் அவரை அறிந்தவர்கள்.

தோட்ட எண்ணைத் தோட்டப் பெயராக மாற்றுவதற்குக் கொழும்பில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பாருங்கள். பெயர் தெரிந்தால் ஃபெர்குசன் டைரக்டரி என்ற பழைய இலங்கை விவரத் தொகுப்பில் அந்தத் தோட்டம் எவ்வளவு பரப்பு, எந்தத் துரை என்பதுவரை வந்துவிடும்.

இன்னொரு சாத்தியம் உண்டு, வீட்டில் பக்குவமாகச் சொல்லுங்கள். அவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்திருக்கலாம். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களில் ஏராளமானோர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறினார்கள். பூர்வீக ஊர் எது என்று தாயகம் திரும்பியவர்கள் வீட்டில் கேட்டால் ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் டர்பனில் தேடிய ஆளின் பேரன், மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறினால் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருக்கலாம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அத்தையிடம் போய் உட்காருங்கள். எங்கே போனார் என்று கேட்க வேண்டாம். அதற்கு அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார், யாரும் நம்பவில்லை. மண்ணை வாரித் தூற்றியவள் எந்த ஊர், யார் வீடு என்று கேளுங்கள். அந்த ஊருக்குப் போய் அந்த வீட்டிலும் ஒருவர் தாது வருஷத்தில் கப்பலேறினாரா என்று விசாரியுங்கள். 41க்கு முந்தைய எண்கள் யார் யார் கழுத்தில் போயின என்பது அந்தப் பக்கத்து ஊர்களில்தான் தெரியும். நீங்கள் யார் என்பதைப் போன உடனே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் நன்றாக இருக்காது.

வட்டுகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், இருபுறமும். அதுவரை வீட்டில் யாரும் சுத்தம் செய்கிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.