கோன்யாவின் சமையலறை (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

துருக்கிப் பயணம் பற்றிய உங்கள் குறிப்புகளை மூன்று முறை படித்துவிட்டேன். எனக்கு 31 வயது. வேலையை விட்டுவிட்டு, வரும் டிசம்பரில் 40 லிட்டர் முதுகுப்பை ஒன்றோடு 6 வாரம் தனியாகத் துருக்கியில் சுற்றப் போகிறேன். கொண்டுபோகும் பொருட்களின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் 'தனியாகவா?' என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். என்னைத் தேடிப் போகிறேன் என்றால் சிரிக்கிறார்கள். சூஃபிக் கவிஞர் ரூமியைப் படித்த பிறகுதான் இந்த எண்ணமே வந்தது. 'வா, வா, நீ யாராக இருந்தாலும் வா' என்ற அவருடைய வரிகளை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். தனிப்பயணமும் இஸ்லாமிய ஞானிகளின் சூஃபி வழியும் ஒன்றுதானே? ரூமி வாழ்ந்த கோன்யாவில் எதைத் தவறவிடக் கூடாது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

மேசைக்கு மேலே இருக்கும் வரிகளிலிருந்து தொடங்குகிறேன். அவை ரூமியுடையவை அல்ல. அவருக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த சூஃபி ஞானி அபூ சயீத் அபுல் கைரின் பெயரில் வழங்கிவந்தவை. அதற்காகக் கிழித்துவிட வேண்டாம். நல்ல வரிகள்தான்.

தனிப்பயணமும் சூஃபி வழியும் ஒன்றா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். 1207இல் பிறந்த ரூமி, சிறுவயதில் குடும்பத்தோடு இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் பல்க் பக்கத்திலிருந்து புறப்பட்டு, ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகத் தங்கி கோன்யாவுக்கு வந்து சேர்ந்தவர். பிறகு அந்த ஊர்தான் அவருக்கு வீடு. 1244 நவம்பரில் ஷம்ஸ் என்ற நாடோடி ஞானி அங்கே வந்தார். மதிப்பான மதரஸா ஆசிரியராக இருந்த ரூமியைக் கவிஞராக்கியது அந்த ஒரு நட்பு. ஷம்ஸ் ஒருநாள் ஒரேயடியாகக் காணாமல்போனார். ரூமி டமாஸ்கஸுக்குக் கிளம்பிப் போனது அவரைத் தேடித்தான். ஷம்ஸ் கிடைக்கவில்லை, ஆனால் அவரைத் தன்னுள்ளேயே கண்டுகொண்டார் என்று மகன் சுல்தான் வலத் எழுதுகிறார். 'பார்த்தீர்களா, கடைசியில் தன்னுள்தானே!' என்பீர்கள். சரி, ஆனால் அங்கே அவர் கண்டது யாரை என்பதையும் கவனியுங்கள்.

ரூமியின் பெரிய கவிதை நூலான மஸ்னவியின் முதல் வரியே ஒரு புலம்பல். நாணற்காட்டிலிருந்து வெட்டியெடுத்த குழல், பிரிவைச் சொல்லி அழுகிறது. தனியாக வந்துவிட்டோமே என்பதுதான் அதன் துயரம். சுமார் 25,000 ஈரடிகள் கொண்ட அந்நூலையும் அவர் தனியறையில் அமர்ந்து எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்லச் சீடர் ஹுசாமுத்தீன் எழுதிக்கொண்டார்.

கோன்யாவில் எல்லோரும் ரூமியின் அடக்கத்தலத்துப் பச்சைக் குவிமாடத்தையும், தர்வீஷ்கள் என்ற சுழலும் சூஃபித் துறவிகளையும் பார்க்கத்தான் போகிறார்கள். நீங்களும் பாருங்கள். அவர்களின் உயரமான கம்பளித் தொப்பி கல்லறைக் கல்லைக் குறிக்கிறது, வெள்ளை அங்கி கஃபனை, அதாவது சவத்தைப் போர்த்தும் துணியை. இது தெரிந்து பார்த்தால் அது நடனமாகத் தெரியாது. ஆனால் என்னைக் கேட்டால், அடக்கத்தலத்தை ஒட்டியிருக்கும் சமையலறையில் அரைமணி நேரமாவது நில்லுங்கள். தர்வீஷ் மடங்கள் 1925இல் மூடப்பட்டு, 1927இல் இந்த இடம் அருங்காட்சியகமானது. அதனால் அடுப்பு எரிவதில்லை, பொம்மைகளைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். வாசலருகே ஓர் ஆட்டுத்தோல் விரிப்பு இருக்கிறது. தர்வீஷாக விரும்பி வந்தவன் மூன்று நாள் அதில் உட்கார்ந்து மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு 1001 நாள் ஏவல்: விறகு, தண்ணீர், பாத்திரம், கழிப்பறை. சரிப்பட்டு வராதவனிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவனுடைய காலணியை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார்களாம். நம் ஊர் மாமியார்களுக்குக்கூட இத்தனை நயம் வாய்க்கவில்லை.

மஸ்னவியின் மூன்றாம் பாகத்தில் ஒரு கொண்டைக்கடலை வருகிறது. கொதிக்கும் பானையிலிருந்து துள்ளித் துள்ளி மேலே வருகிறது. 'ஏன் என்னை நெருப்பில் போட்டாய்?' என்கிறது. சமைப்பவள் கரண்டியால் அதைத் தட்டி உள்ளே தள்ளுகிறாள். 'உன்மேல் வெறுப்பா எனக்கு? நன்றாக வேகு, ருசி பிடிக்கட்டும்' என்கிறாள். மேற்கோள் அட்டைகளில் இந்தக் கடலையை நான் பார்த்ததே இல்லை. வேக வைப்பவள் ஒருத்தி வேண்டும் என்பது தன்னைத் தேடிப் போகிறவர்களுக்கு உவப்பான செய்தி இல்லைபோல.

ஆனாலும் தனியாகவே போங்கள். காரணம் வேறு. நான் கோன்யாவுக்கு இரவு பஸ்ஸில் போனேன். உதவியாளர் வரிசையாக வந்து எல்லோர் உள்ளங்கையிலும் ஏதோ ஊற்றினார். கோயில் தீர்த்தப் பழக்கம், நான் வாயருகே கொண்டுபோய்விட்டேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அது கை துடைக்கும் எலுமிச்சைக் கொலோன். தேய்த்துக் காட்டினார், முகர்ந்து காட்டினார், பிறகு பையிலிருந்து கமலா ஆரஞ்சு எடுத்து உரித்து, கேட்காமலே பாதியை என் கையில் வைத்தார். 'யால்னிஸ்?' என்றார். தனியாகவா என்று அர்த்தம். உங்கள் வீட்டார் கேட்கும் அதே கேள்வி. நண்பர்களோடு போயிருந்தால் அந்தப் பெரியவரை நான் பார்த்திருக்கவே மாட்டேன். தனியாகப் போகிறவன்தான் பக்கத்து இருக்கைக்காரரின் பொறுப்பில் விழுகிறான்.

இன்னொன்று. ரூமி எழுதியது பாரசீகத்தில். உங்களுக்கும் எனக்கும் அது இரண்டாம் கைச் சரக்குதான். நம் ஊர் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடியது தமிழில், நடுவில் யாரும் வேண்டாம். இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக்கி அவர் ஏங்குவதை வாய்விட்டுப் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அவர் அடக்கமாகியிருப்பதும் வடசென்னையில்தான். விசா தேவையில்லை.

டிசம்பர் 17 ரூமியின் நினைவு நாள். அதை ஒட்டிய நாட்களில் விடுதி கிடைப்பது கடினம், இப்போதே பதிவு செய்யுங்கள். ஊர் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் பட்டியலில் மூன்று நோட்டுப்புத்தகங்கள் இருக்கின்றன, ஒரு கம்பளிச் சட்டைகூட இல்லை.