ஒரே கோச்சிப் பாதை, மூன்று வகுப்புகள்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "ஆள் பற்றாக்குறையால் 4ஆம் தரத்துக்குச் சுற்றாடல், 7ஆம் 11ஆம் தரங்களுக்கு வரலாறு என்று மூன்றும் என் தலையில். தனித்தனியாக ஆயத்தம் செய்ய நேரமில்லை. பிள்ளைகளோ 'இதில நம்ம தோட்டம் எங்க டீச்சர்?' என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

டீச்சர், மூன்று பாடங்களையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டாம். ஊரிலேயே இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தரத்துக்குத் தரம் கேள்வியை மட்டும் மாற்றுங்கள். பெரிய வகுப்புக்கு அதிகத் தகவல், சின்ன வகுப்புக்குக் குறைந்த தகவல் என்று பிரிப்பதுதான் வழக்கம். அதனால்தான் ஆயத்த வேலை மூன்று மடங்காகிறது.

உங்கள் ஊருக்குக் கோச்சிப் பாதையே, அதாவது ரயில் பாதையே போதும். ரயில் கண்டிக்கு வந்தது 1867இல். கண்டிக்குப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துத் துரை தேயிலை பயிரிட்டதும் அதே வருஷம்தான். 1869இல் கோப்பி இலைநோய் தலைகாட்டியது. பாதை நானுஓயாவைத் தொட்ட 1885இல் கோப்பி ஏறக்குறைய அழிந்துவிட்டது. பதுளை வரை போய்ச் சேர 1924 ஆயிற்று. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் மூன்று வகுப்புக்கும் ஆகும்.

4ஆம் தரத்தில் முன், பின் என்ற வரிசை பிடிபட்டால் போதும். சுவரில் ஒரு கயிறு கட்டி, பிள்ளை பிறந்த வருஷம், அம்மா பிறந்த வருஷம், கோச்சி வந்த வருஷம் என்று அட்டைகளைத் தொங்கவிடுங்கள். கோச்சி வருவதற்கு முன் மூட்டைகள் எதில் போயின என்று கேளுங்கள். மாட்டுவண்டி என்று யாராவது சொல்வார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம்.

7ஆம் தரத்தில் கேள்வி 'இது நமக்கு எப்படித் தெரியும்?' என்று மாறுகிறது. ஸ்டேசன் கட்டடம், கோயில் மணியிலோ கல்லறையிலோ வெட்டியிருக்கும் வருஷம், பாட்டி சொல்வது, பாடநூல் சொல்வது எல்லாமே மூலாதாரங்கள்தான். கல்வெட்டும் மகாவம்சமும் வரும் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவது இந்தப் பழக்கம் இல்லாததால்தான். பெரியவர்கள் வருஷம் சொல்லமாட்டார்கள், 'பஞ்ச காலத்தில்', 'தோட்டம் அரசாங்கமானபோது' என்பார்கள். பஞ்சம் என்றால் பெரும்பாலும் 1973–74 உணவுத் தட்டுப்பாடு. தோட்டங்கள் அரசுடைமையானது 1972இலும் 1975இலும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பாடம் இன்னும் நன்றாக நடக்கும். அப்புறம், தண்டவாளத்திலும் சுரங்கத்திலும் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். ஊரே அதில் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

11ஆம் தரத்தில்தான் விஷயம் கனக்கிறது. 'கோப்பித் துரைமார் கேட்ட பாதையில் கடைசியில் தேயிலைப் பெட்டி போனது ஏன்?' என்று ஆரம்பியுங்கள். காரணமும் விளைவும் அதிலேயே வந்துவிடும். பிரித்தானியர் காலப் பாடமும் அதோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து, தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த ஆட்கள், அவர்களுடைய வாக்குரிமை என்று போகலாம். சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொகுதிகளில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸின் உறுப்பினர்கள் வென்றார்கள். 'அப்படி வாக்குப் போட்டவர்களில் பெரும்பாலானோர் 1952இல் ஏன் போடமுடியவில்லை?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிள்ளைகளே வந்து சேர்வார்கள். அந்த நாடற்றவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பலகையில் கணக்காகப் போடுங்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கையில் 3,00,000 பேர், பிறகு பார்ப்போம் என்று விட்டது 1,50,000 பேர். அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரு லயத்தில் (தோட்ட வரிசைவீட்டில்) அண்ணன் இந்தியாவுக்குப் போய்த் தம்பி இங்கேயே இருந்தது எப்படி என்று இந்தக் கணக்கைப் பார்த்தபின் யாரும் விளக்கத் தேவையில்லை.

இங்கே கவனம் வேண்டும். பழைய பிரஜாவுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எதையும் அசலாகக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தொலைந்தால் அந்தக் குடும்பம் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலையும். 'உங்கள் குடும்பக் கதை' என்று எல்லோருக்கும் கட்டாய ஒப்படையும் கொடுக்காதீர்கள். தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தைப் பற்றிப் பேச விரும்பாத வீடுகள் உண்டு, தாத்தா யாரென்றே தெரியாத பிள்ளையும் உண்டு. குடும்பத்துக்குப் பதில் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), கோயில், ஸ்டேசன் என்று தெரிவு கொடுங்கள்.

பரீட்சைக்கு இதெல்லாம் வருமா என்பீர்கள். சாதாரண தரத்துக்குப் பாடநூலைத்தான் எழுதவேண்டும், அதில் சமரசம் வேண்டாம். வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். அந்தப் பாடவேளையில் எழுதும் விடையையும் வினாத்தாள் கேட்கும் அமைப்பிலேயே எழுதப் பழக்குங்கள். பாடக்குறிப்பில் உரிய தேர்ச்சியையும் அதே பக்கத்தில் குறித்துவிட்டால், ஆசிரிய ஆலோசகர் வந்தாலும் காட்டலாம்.