எந்த எண் தகடு என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, டென்வருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, 1997ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறேன், நான்கு டன் தோசைக் கடை டிரெய்லரை இழுக்க எந்த எண் ஃபியூயல் பிளேட் (டீசல் பம்புக்குள் டீசல் அளவுக்கு எல்லை வைக்கும் தகடு) போடலாம், ஒருவர் 10ஆம் எண் என்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல அங்கே நூறு பேர் உண்டு. தகட்டைப் பற்றி நான் சொல்கிறேன். விடுமுறைக்குச் சென்னை வந்திருக்கிறேன்; மாதவரத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இதே மாதவரத்தில் ஒரு பம்ப் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். லாரி பம்பைச் சோதனை மேஜையில் ஏற்றிச் சுழற்றினால் ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறும். ஆறும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் அரை நூல் கூடியிருந்தாலும் மேஸ்திரி மறுபடி கழற்றச் சொல்லிவிடுவார். உங்கள் வண்டியில் இருக்கும் பாஷ் பி7100 பம்பும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். 1994 முதல் 1998 வரை 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினோடு வந்தது. பம்புக்குள் ரேக் என்று ஒரு தண்டு உண்டு; அது எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு டீசல். அந்த நகர்வு போய் முட்டி நிற்கும் விளிம்புதான் நீங்கள் கேட்கும் தகடு. எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அந்த விளிம்பின் வளைவு தீர்மானிக்கிறது. தகட்டின் எண் அந்த வளைவுக்கு வைத்த பெயர், அவ்வளவே. எண் பெரிதானால் சக்தி பெரிது என்று நினைக்காதீர்கள். 0 எண் தகடுதான் ஏறக்குறைய தடையே இல்லாதது. 10ஆம் எண்ணைச் சொல்லிக் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை. நான்கு டன் பாரத்தோடு அவர் ஒரு மலையும் ஏறியிருக்க மாட்டார்.

நான் 1999 ஜனவரியில் டென்வரில் இறங்கியவன். சென்னையில் மார்கழிக் குளிருக்கே மப்ளர் சுற்றிய ஆள். அந்த ஜனவரியில் முதலாளியின் வண்டி டாங்கில் டீசல் மெழுகாகத் திரண்டு ஃபில்டரை அடைத்து நின்றது. பனியில் விரல் மரத்துப்போக ஃபில்டர் மாற்றினேன். குளிர்கால டீசல் என்று ஒன்று உண்டு, இன்ஜின் சூடேற்றியை இரவில் மின்சாரத்தில் செருக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நம்மவர்கள் நான்கைந்து குடும்பம் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒரு பொங்கல் விழாவில், "அமெரிக்கா வந்தும் மெக்கானிக் வேலைதானா?" என்று ஒருவர் கேட்டார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை. அந்த வேலைதான் எனக்குச் சொந்தப் பட்டறையைக் கொடுத்தது, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

2001இல் உங்களுடையதைப் போன்ற பழைய 1995 மாடல் ராம் ஒன்றை வாங்கினேன். ஒரு பட்டறைக்காரர், "இழுவை வண்டிதானே, தகடு மாற்றிவிடலாம்" என்றார். பம்ப் தெரிந்த நானும் தலையாட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு முன்னால், புகைக்குழாயில் வெப்பமானி பொருத்தாமல் தகட்டைத் தொட்டிருக்கக் கூடாது. மேற்கே ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும் சாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது, ஏற்றமும் கடுமை. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும், டீசல் மட்டும் குறையாது. எரியாத டீசல் கரும்புகையாகப் போகும், எரிவது புகைக்குழாயைக் கொதிக்க வைக்கும். பாதி ஏற்றத்தில் சத்தம் மாறியது, பிறகு வெள்ளைப் புகை. பிரித்துப் பார்த்தபோது ஐந்தாவது பிஸ்டனின் தலை விளிம்பு எரிந்த மெழுகுவர்த்தி போல வழிந்திருந்தது. சிலிண்டர் சுவரில் அலுமினியம் தீற்றிக் கிடந்தது. அந்த வருடம் ஊருக்குப் போக வைத்திருந்த டிக்கெட் பணம் அதிலேயே போயிற்று. அம்மாவைப் பார்க்க இன்னும் பதினான்கு மாதம் ஆனது.

ஆகவே முதலில் வெப்பமானி. பாரம் இழுக்கும்போது முள் 1,200 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நிலைக்கக் கூடாது. தாண்டினால் கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் சில நிமிடம் ஓடவிட்டு டர்போவை ஆறவிடுங்கள்.

இரண்டாவது கிளட்ச். 1994 முதல் 1998 வரையிலான வண்டிகள் கம்பெனியிலிருந்து 160 முதல் 215 குதிரைத்திறன் வரை வந்தன, கிளட்சும் அதற்கேற்றதுதான். டீசலைக் கூட்டினால் முதலில் வழுக்குவது அது. தானியங்கி கியர் என்றால் இன்னும் மோசம்.

மூன்றாவது, என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே, பிரேக். தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறியவர் எல்லாரும் இறங்கியாக வேண்டும். டிரெய்லருக்குத் தனி மின்பிரேக்கும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும். கூடவே, புகைக்குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்று. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடை வரம்பைப் படியுங்கள். எந்தத் தகடும் அந்த எண்ணை மாற்றாது. புதிதாக வந்த நம் பையன்கள் புகை கக்குவதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். எனக்கு அது கோபத்தைத்தான் கிளப்புகிறது. டென்வர் பக்கம் டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையும் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் இன்ஜினின் முன்பக்கக் கியர் உறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சின்ன எஃகு முளை தளர்ந்து கியருக்குள் விழுந்து இன்ஜினையே உடைத்துவிடும். அதைத் தடுக்கும் தகடு விலை குறைவு. நீங்கள் முதலில் வாங்க வேண்டிய தகடு அதுதான்.

அதன் பிறகும் ஏற்றத்தில் இழுவை போதவில்லையா? புதுத் தகடு வேண்டாம். கம்பெனித் தகட்டையே கொஞ்சம் முன்னே நகர்த்தினால் டீசல் கூடும். கழற்றும் முன் இருந்த இடத்தை ஊசியால் கீறி அடையாளம் வையுங்கள். நகர்த்தி, டிரெய்லரோடு ஓட்டி, முள்ளைப் பார்த்து, பிறகு மறுபடி நகர்த்துங்கள். பிடித்திருக்கும் திருகு இரண்டும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்குள் விழாதபடி கீழே துணி அடைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்தால் பம்பையே இறக்க வேண்டிவரும்.

என் மேஸ்திரியைப் போன வாரம் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு. உங்கள் வண்டியைப் பற்றிச் சொன்னதும், "ஆறு குழாயும் சமமாக ஏறுகிறதா என்று பார்த்தார்களா?" என்றுதான் கேட்டார். அதை நானும் உங்களிடம் கேட்கிறேன். பழைய பம்ப் அது, உள்ளே டீசலைத் தள்ளும் எலிமெண்ட் தேய்ந்திருக்கலாம். பிப்ரவரி கடைசியில் திரும்பிவிடுவேன். அதுவரை பம்பின் கவரைத் திறக்காமல் வைத்திருங்கள்; என் பட்டறையிலேயே மேஜையில் ஏற்றிப் பார்த்துவிடலாம்.