அழற்சி இன்சுலின் செல்களை என்ன செய்கிறது? அதை நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா, பார்த்து என்ன பயன்?

முடியும். செல் உயிரோடு இருக்கும்போதே பார்க்கிறார்கள். நான் சேலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். உடம்பைக் காக்கிற செல்களே இன்சுலின் செல்களைத் தாக்கி அழற்சி உண்டாக்கும் முதல் வகை நீரிழிவு, என் மகளுக்கு ஒன்பது வயதில் வந்தது. அதன் பிறகுதான் இதைத் தேடித் தேடிப் படித்தேன்.

இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கணையத்தில் திட்டுத் திட்டாக இருக்கின்றன. 1869இல் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றைக் கண்டு எழுதினார். கணையம் வயிற்றில் ஆழமாக இருப்பதால் நோயாளியிடமிருந்து சதை எடுத்துப் பார்ப்பது ஆபத்து. உறுப்பு தானம் செய்தவர்களின் கணையத்திலிருந்தோ எலியிலிருந்தோ திட்டுகளைப் பிரித்தெடுத்து, இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற அழற்சிப் புரதங்களைச் சேர்த்து, ஓரிரு நாள் வைத்துப் பார்க்கிறார்கள்.

மூடுபனி இறங்கிய இரவில் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெளிச்சம் தெரியும், தனித்தனி விளக்கு தெரியாது. சாதாரண நுண்ணோக்கியில் தடிமனான திட்டு அப்படித்தான் தெரியும். கான்ஃபோகல் நுண்ணோக்கி லேசரை ஒரு புள்ளியில் குவித்து, அந்தப் புள்ளியின் ஒளியை மட்டும் ஓர் ஊசித்துளை வழியே உள்ளே விடுகிறது. மேலும் கீழும் இருந்து வரும் கலங்கல் ஒளி துளைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பனி விலகிய மாதிரி ஒவ்வொரு செல்லும் தெரியும்.

குளுக்கோஸ் சேர்ந்ததும் பீட்டா செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. இன்சுலினை வெளியே தள்ளச் சொல்லும் கட்டளை அதுதான். கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை முன்பே ஏற்றிவிடுவார்கள். நலமான எலித் திட்டில் செல்கள் சேர்ந்து ஒளிர்ந்து சேர்ந்து அடங்குகின்றன. அழற்சிப் புரதம் பட்ட திட்டிலோ, எங்கள் சேலத்தில் ஐந்து ரோட்டில் விளக்கு எரிய, அஸ்தம்பட்டி இருண்டு கிடப்பது போல ஆகிவிடுகிறது. பக்கத்துச் செல்லுக்குச் செய்தி கடத்தும் இணைப்புகள் தளர்ந்துபோவது இதற்கு ஒரு காரணம். கவனியுங்கள், இந்தச் செல்கள் இன்னும் சாகவில்லை. வேலையில் தடுமாறுகின்றன, அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இன்னும் உள்ளே போகிறது. வெள்ளை வளையத்துக்குள் கரும்புள்ளியாக இன்சுலின் துகள்கள், ஒரு செல்லுக்குச் சுமார் 10,000. அழற்சி முற்றினால் துகள்கள் குறைந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைந்து கிடக்கும்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். அழற்சியைத் தாமதப்படுத்தினால் செல்கள் பிழைக்கும் என்பது இன்று வெறும் ஆசையல்ல. நோய் முழுதாக வெளிப்படும் முன்பே கொடுக்கப்படும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2022இல் அனுமதி தந்தது. ஆய்வில் அது நோயை ஏறக்குறைய இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது.

என் வீட்டில் வேறொரு பயனும் கிடைத்தது. மகளுக்கு நோய் தெரிந்தது மாம்பழப் பருவத்தில். தினமும் தான் நறுக்கிக் கொடுத்த மல்கோவாதான் காரணம் என்று என் மாமியார் இரவெல்லாம் அழுதார். நான் சொல்லி அவர் கேட்கவில்லை. ஒருநாள் கணினியில் ஒரு படத்தைக் காட்டினேன்: பச்சையாக இன்சுலின் செல்கள், சுற்றிலும் மொய்த்த சிவப்புப் புள்ளிகள்.

"அத்தை, இந்தச் சிவப்பெல்லாம் நம் உடம்பைக் காக்கிற செல்கள். தவறிப்போய்ப் பச்சையைத் தாக்குகின்றன. இதை மாம்பழம் செய்யாது."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பாவுக்குள்ளே இவ்வளவு நடந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த பருவத்தில் மறுபடியும் கத்தியை எடுத்தார். துண்டுகளை எண்ணித் தட்டில் வைத்துவிட்டு, பேத்தி ஊசி போட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.