500 ஜிபி குடும்பப் படங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா, கிளவுடா?

"எதில் போட்டால் பத்து வருஷம் பத்திரமாக இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்றில் போட்டால் எதிலுமே இருக்காது. ஹார்ட் டிஸ்க் சாகும் விதம் வேறு, கிளவுடில் படம் காணாமல் போகும் விதம் வேறு. இரண்டிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள்.

முதலில் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி 1000-ஆல் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. யூஎஸ்பி 3 போர்ட்டில் விநாடிக்கு 100 எம்பி கிடைத்தால் 500 ஜிபி ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். பழைய 2.0 போர்ட் என்றால் நாலு மணி நேரமாவது ஆகும். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும்.

மேக், விண்டோஸ் இரண்டிலும் செருகுவீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய முறையான ஃபேட்32 வேண்டாம்; 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டிலும் ஒரு குறை: எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் ஃபோல்டர் பட்டியலே குழம்பிவிடலாம். எஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகம், கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அது தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. வருஷக்கணக்கில் கரண்டே காட்டாமல் பீரோவில் போட்டால் அது கசியலாம். தினசரி வேலைக்கு எஸ்எஸ்டி, பீரோவுக்கு ஹார்ட் டிஸ்க். பென் டிரைவ் எடுத்துப் போக மட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற விண்டோஸ் மென்பொருளில் பாருங்கள். சி5 (C5) வரிசை, படிக்கத் தடுமாறும் பகுதிகளின் எண்ணிக்கை; அதன் 'ரா' (Raw) மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் அன்றே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி செருகாதீர்கள். தகவலைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டில் உரசினால் மீட்கக்கூடியதும் போய்விடும்.

கிளவுடுக்கு வருவோம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து, அதனால் காசு கட்டித்தான் ஆக வேண்டும். இன்டர்நெட் பிளானில் டவுன்லோடு வேகத்தைப் பார்க்காமல் அப்லோடு வேகத்தைப் பாருங்கள்: 20 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 20 மெகாபிட், அதாவது 2.5 எம்பிதான்) 500 ஜிபி ஏற 55 மணி நேரம். 'ஸ்டோரேஜ் சேவர்' வைத்தால் படம் சுருக்கப்படும், 'ஒரிஜினல் குவாலிட்டி' தேர்ந்தெடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். போட்டோஸ் ஆப்பில் "கிளவுடில்தான் இருக்கிறதே" என்று டிலீட் அழுத்தினால் கிளவுடிலிருந்தும் போய்விடும்! டிராஷில் 60 நாள் கிடக்கும், பிறகு கிடையாது. போனில் இடம் வேண்டுமென்றால் அதே ஆப்பில் இருக்கும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். போனில் உள்ள பிரதி மட்டும் அழியும்.

இன்னொன்று, உங்கள் கூகுள் கணக்கை மீட்க உதவும் ரெக்கவரி போன் எண் எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மாக இருக்கப் போகிறது. இன்றே மாற்றுங்கள். போன் கையில் இல்லாதபோது கணக்கில் நுழைய உதவும் பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எடுத்து, ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.