மச்சை வேலைநிறுத்தம் செய்தால்: அப்ளாஸ்டிக் அனீமியா கேள்வி-பதில்

தம்பிக்கு அப்ளாஸ்டிக் அனீமியா என்கிறார்கள். அயர்ன் மாத்திரை போதாதா? (ஹட்டன்)

போதாது. இது இரும்பு குறைந்து வரும் சோகை இல்லை. பெரும்பாலோருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எலும்புக்குள் இருக்கும் மச்சையில் இரத்தம் உண்டாக்கும் மூலக் கலங்களைத் தாக்கிவிடுகிறது. பெக்டரி மூடிக் கிடக்கையில் கொழுந்தைக் கொண்டுபோய்க் கொட்டி என்ன செய்ய? அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் இரும்பு ஏற்கெனவே கூடியும் இருக்கும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஏ.டி.ஜி. ஊசி மருந்தைக் குதிரையிலிருந்தும் எடுக்கிறார்களாம், முயலிலிருந்தும் எடுக்கிறார்களாம். எது நல்லது? (பண்டாரவளை)

குதிரை. முயல் மருந்துதான் வலுவானது என்று டொக்டர்மாரே நம்பிக்கொண்டிருந்தோம். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 6 மாதத்தில் குதிரை மருந்து நூற்றுக்கு 68 பேருக்குப் பலன் தந்தது, முயல் மருந்து 37 பேருக்குத்தான். நம் ஊகம் எத்தனை தூரம் பிழையாகும், பாருங்கள்.

மகளுக்கு எழுதிய எல்ட்ரோம்போபாக் பரிசோதனை மருந்தா? (தலவாக்கலை)

ஒரு காலத்தில். இது மச்சையைத் தூண்டி இரத்தம் உண்டாக்க வைக்கும் மாத்திரை. மற்ற மருந்து பலிக்காத 25 பேரிடம் முதலில் கொடுத்துப் பார்த்ததில் 11 பேர் தேறினார்கள், அது 2012. அமெரிக்கா 2014இல் அனுமதித்தது. 2022இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 197 பேர். வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தபோது, 3 மாதத்தில் முழுமையாகத் தேறியவர்கள் நூற்றுக்கு 10இலிருந்து 22 ஆனார்கள். பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும் மருந்து இல்லை. அப்புறம் ஒன்று: பால் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். கல்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பால் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 4 மணி நேரம் கழித்தோ போடுங்கள். பிளேன்டியில் அந்தச் சிக்கல் இல்லை.

புது மருந்து ஆய்வில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். (பதுளை)

கொடுக்காதீர்கள். முறையான ஆய்வில் பரிசோதிக்கும் மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்பது வழக்கமில்லை. ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள், சம்மதப் பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். எந்த நாளிலும் விலகலாம் என்று அதில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால், கூடப்பிறந்தவர்களின் மச்சை பொருந்துமா என்று பார்த்தாயிற்றா? ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நோய் கடுமையான இளம் வயதினருக்கு அவர்களின் மச்சையை வாங்கி ஏற்றும் மச்சை மாற்றுச் சிகிச்சைதான் முதல் தெரிவு.

கொழுந்து எடுக்கப் போகலாமா? (மஸ்கெலியா)

இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லட் குறைந்திருக்கையில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் லேசில் நிற்காது. காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுவிட்டு விடியும் வரை பார்க்காமல், அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.